நோரீன் புட்டியைத் திருப்பும் விதம்

மருந்துப் புட்டி கைக்கு வந்ததும் நோரீன் லேபிளைத் தன் பக்கம் திருப்புவாள். பிறகு காதோரம் வைத்து ஒரு குலுக்கு. எத்தனை மாத்திரை மிச்சம் என்று அந்தச் சத்தமே சொல்லிவிடும். பெயர், தேதி, அளவு எல்லாவற்றையும் மடிக்கணினியில் ஏற்றிவிட்டு, "அடுத்தத எடுங்கம்மா" என்பாள்.

நாட்டு மக்கள் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், அதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் நடக்கும் கணக்கெடுப்பில், மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலைப்பக்கம் அவள் பொறுப்பு. பதினெட்டு வருடமாக அலைகிறாள். நாய்களுக்கு பிஸ்கட், சேற்றுக்கு ரப்பர் பூட்ஸ், இரண்டும் எப்போதும் காரில் இருக்கும். யார் வீட்டிலும் காபி குடிக்க மாட்டாள்; விதி அப்படி. மருந்தைப் பற்றி ஒரு யோசனையும் சொல்லக் கூடாது, அதுவும் விதி. "நான் கேக்கறவ, சொல்றவ இல்ல" என்பாள். போன வருடம் ஒரு வீட்டில் வாயை விட்ட தோழிக்கு வேலை போயிற்று. நோரீனின் வீடு இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

இன்று வெண்டல் வீடு. சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த மனிதர். இதய மாத்திரைப் புட்டிக்குப் பக்கத்தில் ஒரு காய்கறிக் கத்தி, அதன் நுனியில் வெள்ளைப் பொடி.

"விக்கிற விலைக்கு முழுசா முழுங்க முடியுமா? ரெண்டா வெட்டிக்கறேன். ஒரு மாச மருந்து ரெண்டு மாசம் வருது" என்று பெருமையாகச் சிரித்தார்.

மனைவி ஓலிட்டா சிரிக்கவில்லை. மாத்திரை போட்ட அரை மணியில் இவருக்குத் தலை சுற்றுகிறது, நேற்று குளியலறையில் விழுந்துவிட்டார் என்றாள்.

நோரீன் அந்தப் புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மாத்திரை அது. வெட்டினால் மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். வெட்டக் கூடாது என்று புட்டியின் பின்புறம் மஞ்சள் சீட்டே ஒட்டியிருக்கிறது. பின்புறத்தை யார் படிக்கிறார்கள்? அடுத்த கேள்வியை அவள் இரண்டு முறை கேட்டாள்.

"ஏம்மா, நீங்க எத்தனை வீடு பாத்திருப்பீங்க," என்றாள் ஓலிட்டா. "இந்த மாத்திரையாலதான் இருக்குமோ?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா."

மடிக்கணினியை மூடினாள். புட்டியை வெண்டலிடம் திருப்பிக் கொடுக்காமல் ஓலிட்டாவின் முன்னால் வைத்து, மஞ்சள் சீட்டு அவளைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பினாள். ஓலிட்டா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டும்வரை, சீட்டின் அடியில் வைத்த விரலை நோரீன் எடுக்கவில்லை.