ஆர்கனில் ஒரு தோட்டம் போட்டேன்

ஆர்கன் வாசிக்கும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: சபையார் முகம் சுளிப்பது நம் கண்ணில் படாது, முதுகில்தான் படும். கல்யாண மண்டபங்களில் வாசிக்கிற சகபாவிகளே, உங்களுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. எனக்கு வார நாட்களில் எங்கள் ஊர் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் கீபோர்டு வகுப்பு. ஞாயிறு காலை தேவாலயத்தில் ஆர்கன்.

பென்டிரைவ் வந்தது

சபைக்குப் புதிய பொருளாளர் வந்தார். போர்வெல் வண்டி வைத்திருப்பவர். எதற்கும் மிஷின் போதும் என்கிற கட்சி. பாட்டெல்லாம் பென்டிரைவில் கிடைக்கும்போது டீச்சர் எதற்கு என்று கமிட்டியில் கேட்டுவிட்டார். ஆயர் எனக்காகப் பரிந்து பேசி, அறுப்பின் பண்டிகையன்று ஐந்து நிமிஷம் வாங்கிக் கொடுத்தார். ஏதேன் தோட்டத்தை மனதில் வைத்து, நோட்டு இல்லாமல், வருவதை வாசிக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு என்னை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வார்களாம்.

முதலில் பனி இறங்கும், பிறகு ஒவ்வொரு பூவாக விரியும் என்று பொருளாளரிடம் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"பூவெல்லாம் கொஞ்சம் சுருக்கா பூத்துருச்சுன்னா, நான் அறிவிப்பை வாசிச்சுருவனுங்க டீச்சர்."

மோட்டார் ஓடியது

பண்டிகையன்று அவரவர் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து பீடத்தருகே வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். இடம் போதாமல் பூசணியும் கரும்பும் என் ஆர்கன் வரை வந்துவிட்டன. பரமத்தி வேலூர்க்காரர் ஒருவர் பெரிய பூவன் வாழைத்தாரை ஆர்கன் ஓரமாகச் சாத்திவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

கண்ணை மூடிப் பனியை இறக்கினேன். இரண்டாவது பூ விரியும்போது தார் சரிந்து, காலால் மிதிக்கும் கட்டைகளில் கடைசிக் கட்டைமேல் படுத்துக்கொண்டது. 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம். கையை எடுத்தால் தோட்டம் போச்சு; காலால் தள்ளினால் தார் அசையவில்லை. வந்தது வரட்டும் என்று அந்தச் சத்தத்தையே கிணற்று மோட்டாராக வைத்து, வாய்க்காலில் தண்ணீரைத் திறந்து, பாத்தி பாத்தியாகப் பாயவிட்டேன். ஏதேனில் ஏது மோட்டார் என்று யார் கேட்கப்போகிறார்கள்? எனக்கே சந்தோஷமாக இருந்தது. அழகாக முடித்துக் கையை எடுத்தேன். 'உம்' மட்டும் நிற்கவில்லை. வேலூர்க்காரர் எழுந்தேவிட்டார்.

"டீச்சர், கடைசிப் பாத்திக்கும் தண்ணி பாஞ்சிருச்சுங்க, மோட்டாரை நிறுத்துங்க!"

ஏலம்

சபை சிரித்த சிரிப்பில் என் சீட்டு கிழிந்தது என்றே நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால், ஏலத்தில் அந்தத் தாருக்குத்தான் அடிபிடி. 'ஆர்கன் வாசிச்ச தாருங்கோ' என்று சொல்லிச் சொல்லியே பொருளாளர் விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். முடித்த கையோடு நேரே என்னிடம் வந்தார்.

"பென்டிரைவுல இந்த வேலை ஆகாதுங்க டீச்சர், நீங்களே இருங்க. அடுத்த வருசத்துக்கு ஒரு பலாப்பழம் சொல்லி வெக்கட்டுங்களா?"

பத்து விரலும் இரண்டு காலும் காப்பாற்ற முடியாத வேலையை ஒரு வாழைத்தார் காப்பாற்றிக் கொடுத்ததால், இப்போதெல்லாம் பூவன் பழத்தைக் கொஞ்சம் மரியாதையோடுதான் உரிக்கிறேன்.