பிரேமா அக்காவின் அச்சார் பாட்டிலில் இருந்த பெயர்கள்

செவ்வாய்க்கிழமை மதியம், அலுவலகத்தில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில் பிரேமா அக்காவோடு சமைக்கும் மலர் போனில் கூப்பிட்டாள். "அண்ணே, பிரேமா அக்கா போயிட்டாங்க. சர்க்கரை ஏறி, ஆஸ்பத்திரியிலேயே..." அவள் அடுத்துச் சொன்னதைக் கேட்டுப் பொட்டலத்தை மூடிவிட்டேன். "தாசேக் கெலுகோர்லேர்ந்து அவங்க தம்பி வராராம். அக்காவுக்கு வேட்டி கட்டி அனுப்பிருவாங்களோ அண்ணே?"

அக்காவை அறிந்த உங்களுக்கு இந்தப் பயம் புரியும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரேமா அக்கா திருநங்கை. ஜார்ஜ் டவுனில் முப்பது வருஷம் கல்யாண வீடுகளுக்குச் சமைத்தவர். பெற்றோர் வைத்த பெயரைப் பதினேழு வயதில் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர். அடையாளக் கார்டில் மட்டும் அது கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. மயானத்துக்கும் அதே பெயரில், ஆண் உடையில் போக வேண்டி வருமோ என்றுதான் நாங்கள் நடுங்கினோம்.

அவருடைய அச்சாரை மறக்க முடியுமா? வெள்ளரி, காரட், முட்டைக்கோஸ், பயத்தங்காய், அன்னாசி. ஒவ்வொன்றையும் தனித்தனியே வினிகரில் வாட்டி, துணியில் பிழிந்து, வெயிலில் உலர்த்தி, மிளகாயும் மஞ்சளும் அரைத்து வதக்கிய மசாலாவில் புரட்டி, வறுத்த கடலையும் எள்ளும் தூவுவார். மாதத்தில் ஒரு ஞாயிறு, அவரைப் போன்றவர்களும் என்னைப் போன்றவர்களும் அவர் வீட்டில் கூடுவோம். ஆளுக்கொரு காய் கொண்டு வர வேண்டும், கொண்டு வந்தவரே நறுக்க வேண்டும். பாட்டிலில் ஒட்டும் தாளில் காயின் பெயருக்கு எதிரே, அவரவர் தாமே வைத்துக்கொண்ட பெயர் இருக்கும். வெள்ளரி: பிரேமா. முட்டைக்கோஸ்: மலர். அந்தப் பாட்டில்களைத்தான் கல்யாணப் பந்திகளிலும் வைப்பார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கள் உரிமைகளைப் பால்புதுமையர் அரசியல் என்று கூட்டம் போட்டுப் பேசுவதை அக்கா ஒரு தாளையும் பசையையும் வைத்து நடத்திக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்துல எங்க ஆளுங்களைப் பந்தலுக்குப் பின்னால சமைக்க விடுவாங்க, பந்தியில உக்கார விடமாட்டாங்க. பேராச்சும் போய் உக்காரட்டும் லா" என்பார்.

ஒரு கல்யாணத்தில் பெண்ணின் மாமா, அச்சார் பிரமாதம், அந்தத் தாளை மட்டும் கிழித்துவிடலாமே என்று நைசாகக் கேட்டார். அக்கா இடுப்பில் கை வைத்தார். "பேரு வேணாம்னா காயும் வேணாம். எல்லாத்தையும் வண்டியில ஏத்து, மலரு." பாதி பாட்டில் ஏறிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா பட்டுச் சேலையோடு ஓடி வந்து, "ஐயோ, அச்சார் இல்லாம பிரியாணியை எப்படிப் பரிமாறுறது? பேரு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்!" என்று கெஞ்சினார். மறுபடி இறக்கினோம். அன்று எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

என் காய் காரட். என் கதை வெட்கக்கேடு. நான் ஆண்களை நேசிப்பவன். டத்தோ கிராமாட்டில் என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் தங்கையிடம் ஐம்பது வயதுவரை அதைச் சொன்னதில்லை. பாட்டிலில் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வரும், அந்தத் தாளில் யார் யார் பெயர் வரும் என்று ஊருக்கே தெரியும். அதனால் நான், "காரட்: ஒரு நண்பர்" என்று எழுதிவிடுவேன். "யாரு லா அந்த ஒரு நண்பர்? வருஷக்கணக்கா என் வீட்டுல சாப்பிடுறாரு, இன்னும் என் கண்ணுல படலையே!" என்று அக்கா மேசைக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடுவார். எல்லோரும் சிரிப்பார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் காரட் துண்டுகளின் தடிமனைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது அச்சாருக்கா, சாம்பாருக்கா?" என்பார். பெயரை எழுது என்று மட்டும் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் ஐந்து பேர் நின்றோம். சண்டைக்குத் தயாராகத்தான். சட்டம் பேசுவதற்காக நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். தம்பி ஆறுமுகம் தாசேக் கெலுகோர் வீட்டுக்குப் போய்விட்டு, புக்கிட் தெங்கா தொழிற்சாலைச் சீருடையை மாற்றாமலே வந்தார். தீபாவளிதோறும் அக்கா அவருக்கு ஒரு பாட்டில் அனுப்புவார், ஒரு வார்த்தை பதில் வந்ததில்லை. வந்தவர் பையிலிருந்து காலிப் பாட்டில் ஒன்றை எடுத்தார். தாள் கிழியாமல் இருந்தது.

"வெள்ளரிக்கு நேரே இருக்கு பாருங்க, சாவு நோட்டீசுல அந்தப் பேரைத்தான் போடணும். சேலை எங்க இருக்கு? எனக்குக் கட்டிவிடத் தெரியாது. நீங்கதான் செய்யணும்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "பதில் போட வெக்கமா இருந்துச்சு. பாட்டிலைத் தூக்கிப் போடவும் மனசு வரல. எல்லாம் வீட்டுல அடுக்கி வச்சிருக்கேன்" என்றார்.

அப்பாடா! வாய்விட்டே சொன்னேன். மலர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் அழுகையாக வந்தது. ஐந்தே நிமிஷத்தில் பச்சைச் சேலையா, அரக்குச் சேலையா என்று எங்களுக்குள் சண்டை. அரக்கு ஜெயித்தது. இறப்புச் சான்றிதழில் பழைய பெயர்தான் வந்தது, அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் நோட்டீசில் பிரேமா. கொள்ளி வைக்கும்முன் ஆறுமுகம், "அக்கா, போயிட்டு வாக்கா" என்று கத்தியதைச் சுற்றி நின்ற எல்லோரும் கேட்டோம்.

பதினாறாம் நாள் படையலுக்கு நாங்களே அச்சார் போட்டோம். வெள்ளரியை ஆறுமுகம் கொண்டு வந்தார், நறுக்கவும் செய்தார். தாள் சுற்றி வந்து கடைசியில் என்னிடம் நின்றது. அக்காவின் கத்தியை, அம்மியை யார் யாரோ கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அவர் விட்டுப்போனது, அத்தனை வருஷமும் முகம் சுளிக்காமல் எனக்காகக் காத்திருந்த அந்த ஒரு வரிதான். "காரட்: நடராஜன்" என்று எழுதினேன்.

பாட்டிலை வீட்டு மேசையில் வைத்தேன். சோறு போட வந்த தங்கை தாளை மெல்ல வாசித்தாள். வெள்ளரி, முட்டைக்கோஸ், காரட். அங்கே நின்றாள். அவள் மூடியைத் திறந்து, ஒரு காரட் துண்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இத்தனை வருஷமா இவ்வளவு தடியா நறுக்குறது யாருன்னு எனக்குத் தெரியாதாண்ணே?"