வெயில் பக்கத்து ஜன்னல்

சித்திரை மாதம், காலை ஒன்பது மணி. உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது. இடது பக்கம் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். வலது பக்கத்து மூன்று பேர் சீட்டெல்லாம் காலி.

சிம்லாவில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டுப் போன மாதம்தான் இங்கே குடிவந்திருக்கிறேன். அங்கே வெயில் விழும் ஜன்னலுக்கு அடிதடியே நடக்கும். இங்கே இத்தனை ஜன்னல் சும்மா கிடக்கிறதே, இந்த ஊர்க்காரர்களுக்கு விவரம் போதாது என்று ஜம்பமாகப் போய் உட்காருகிறேன்.

பஸ் வடக்கே திரும்புகிறது. வெயில் டிக்கெட் எடுக்காமல் ஏறி என் மடியில் உட்காருகிறது. ஜன்னல் கம்பி தோளில் சூடு வைக்கிறது.

எதிர்ப்பக்கம், ரிப்பேரான மிக்ஸியை மடியில் வைத்திருக்கும் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டு வருகிறார்.

"தெரிஞ்சும் ஏங்க்கா சொல்லல?"

"நீ ஆசையா போய் குந்திக்கினியே! இன்னாவோ வேண்டுதல்னு நெனிச்சிக்கினோம்."

அந்த வரிசையே சிரிக்கிறது.

"இங்க யாருமே உட்கார மாட்டாங்களா?"

"மார்கழில காலைல ஏழு மணி பஸ்ஸுக்கு வந்து பாரு. குல்லா போட்டுக்கினு அல்லாரும் அந்த ஜன்னலுக்குத்தான் அடிச்சிக்குவாங்க."

எழுந்து போய் அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். காலி சீட்டில் என் கைக்குட்டை கிடப்பதைக் கண்டக்டர் பார்க்கிறார்.

"யாருக்கும்மா எடம் போட்டு வெச்சிகீற?"

"எனக்குத்தான். மார்கழிக்கு."