அம்மா விரல் வைத்த பக்கம்

கொடகவெல டவுனில் ஃபோன் திருத்துகிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு நாள் வயதான சிங்கள மாத்தயா ஒருவர் பழைய கையடக்கக் கணினி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்மார்ட் ஃபோன் வருவதற்கு முந்தைய காலத்துச் சாமான். உள்ளங்கை அளவு, திரையில் குத்தி எழுத ஒரு பிளாஸ்டிக் குச்சி, சார்ஜ் ஏற நிறுத்திவைக்க ஒரு தாங்கி. திருத்தி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஆள் வரவே இல்லை. கூப்பிட்டுக் கேட்டால், "ஓக்க தியாகன்ன மல்லி," என்றார். நீயே வைத்துக்கொள் தம்பி என்று விட்டுவிட்டார்.

அதில் மின்நூல் வாசிக்கிற மென்பொருள் ஒன்று இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கலாம், தட்டினால் பக்கம் திரும்பும், வேண்டிய இடத்தில் அடையாளம் வைக்கலாம். தமிழ் எழுத்தை அதற்குள் ஏற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏற்றிய பிறகும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகத்தான் நிற்கும். நான் எழுதி நான்தானே வாசிக்கப்போகிறேன், யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

எழுத என்ன இருந்தது? அம்மாவின் வாய்தான் இருந்தது. எங்கள் தோட்டத்து ரப்பர் மலையில் பால் வெட்டியே காலத்தை ஓட்டியவள். வேலையை விட்ட பிறகும் மழை பெய்தால், இன்றைக்கு வெட்டு இல்லை என்று சந்தோஷமாகக் காலை நீட்டி உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவாள். திரையில் வரும் விசைப்பலகை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அவள் சொன்னதை முதலில் குத்தினேன். பிறகு மழை நாளெல்லாம் அதே வேலையாகிவிட்டது. அவள் பேச்சு எப்படியோ அப்படியே எழுதினேன். ஒரு வருஷத்தில் புத்தகம் மாதிரி சேர்ந்துவிட்டது. வாசிக்கும் மென்பொருளில் திறந்து பக்கம் பக்கமாகக் காட்டியபோது, "அடி ஆத்தே, நானா இம்புட்டு பேசுனேன்? வாயில புண்ணு வராம இருந்ததே பெருசு!" என்று சிரித்தாள்.

அடுத்த வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு அடியோடு போனது. நாம் சொல்வது எல்லாம் விளங்கும், பதில்தான் வராது. தொண்டையிலிருந்து ஒரு முனகல், அவ்வளவுதான். வரிசையாக வீடுகள் ஒட்டி நிற்கும் எங்கள் லயம் முழுக்கக் கேட்கிற குரல் அவளுக்கு. அந்த முனகலைக் கேட்க எனக்குத் தாங்காது, கடைக்கு ஓடிவிடுவேன்.

ஒரு நாள் மனம் கேட்காமல் அந்தக் கணினியை எடுத்து அவள் சொன்னதை அவளுக்கே வாசித்தேன். அசையாமல் கேட்டாள். அதன் பிறகு தினமும் வேண்டும் என்றாகிவிட்டது. அடையாளம் வைத்த பக்கங்களின் பட்டியலை விரித்துக் காட்டினால் இடது கை விரலால் ஒன்றைத் தொடுவாள். கொஞ்ச நாளில் எனக்கு விஷயம் பிடிபட்டது. அம்மா கதை கேட்கவில்லை, பேசுகிறாள். நான் நேரம் கழித்து வந்தால், எங்கள் அப்பா பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்த பக்கம். தேத்தண்ணியில் சீனி குறைந்தால், சீனி கிடைக்காத காலத்துப் பக்கம். சோறு குழைந்தாலோ, அவளுடைய மாமியாரைப் பற்றிய பக்கம். அதை நான் சத்தமாக வாசிக்க வேண்டும், என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்க வேண்டும். அம்மாவின் கண் அடுப்படிப் பக்கமே இருக்கும். "வாசிங்க, வாசிங்க, எனக்குத்தானே அது," என்று மனைவியும் பானையை டங்கென்று வைப்பாள். நான் சிரித்துக்கொண்டே வாசிப்பேன்.

இந்த மாதிரிப் பழைய சாமான்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் நாம் உள்ளே போட்டதெல்லாம் போய்விடும். இதன் பேட்டரியோ கிழடு, ப்ளக்கைக் கழற்றினால் ஒரு நாள் தாங்காது. அதனால் சுவரோரம் தாங்கியிலேயே நிற்கும். வேறு எங்கும் பிரதி இல்லை. கார்டு போடும் இடம் உடைந்திருந்தது, கேபிள் தேட வேண்டும். "பேக்கப் எடுக்காம என்னத்த பண்ணுனீங்க?" என்று கடைக்கு வருகிற அத்தனை பேரிடமும் பாய்கிறவன் நான். என் அம்மாவின் பேச்சை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். வெட்கங்கெட்டவன்.

எங்கள் பக்கத்து இடி தெரிந்தவர்களுக்குத் தெரியும். மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், பிறகு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு உறுமல் கேட்கும். கேட்டதுமே லயத்தில் ஏதோ ஒரு காம்பரா வீட்டிலிருந்து ஒரு குரல் கிளம்பும்: "ப்ளக்க கழட்டுங்கோ!" அதை அடுத்த காம்பரா வாங்கிக் கத்தும், அதை அடுத்தது. கடைசிக் காம்பராவுக்குப் போய்ச் சேர்வதற்குள் லயத்தில் ஒரு ப்ளக் சுவரில் இருக்காது. முந்தியெல்லாம் முதலில் கத்துவது எங்கள் அம்மாதான்.

அன்றைக்கு நான் கடையில் இருந்தேன். மனைவி மகளின் ஸ்கூல் மீட்டிங்குக்குப் போயிருந்தாள். டிவி ப்ளக்கைக் காலையிலேயே கழற்றிவிட்டாள், கணினியை விட்டுவைத்தாள். இடி நின்ற பிறகு பக்கத்துக் காம்பரா அக்கா எட்டிப் பார்த்தபோது அம்மா கட்டிலிலிருந்து விழுந்து சுவரோரம் தரையில் கிடந்தாள். இடுப்பு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளும் கணினியை யார் நினைத்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்து கட்டிலில் படுக்கவைத்ததுமே அம்மா அதைத்தான் கை காட்டினாள். எடுத்தால் சில்லிட்டுக் கிடந்தது. ப்ளக் தரையில் கிடந்தது. மாட்டி, கொஞ்ச நேரம் விட்டு அழுத்தினேன். வெள்ளைத் திரை வந்தது, நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறி, குச்சியால் தொடச் சொல்லி. புதிதாக வாங்கியவனிடம் அது கேட்கிற முதல் கேள்வி அதுதான். தொட்டேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "எவ இந்த ப்ளக்க கழட்டுனா?" என்று கத்தினேன்.

"நான் தொடலங்க," என்றாள் மனைவி. "அன்னைக்கு நான் வீட்டுலயே இல்லியே."

"ஒனக்குத்தான் அந்த மாமியா கத கேட்டா எரியுமே! இப்ப குளுந்துருச்சா மனசு? எங்கம்மா வாயை அடைச்சிட்டேல்ல?"

அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். முகம் சுண்டிப்போயிருந்தது. இரண்டு நாளும் ஆஸ்பத்திரித் தரையில் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அது தெரிந்தும் சொன்னேன்.

கட்டில் சட்டத்தில் டக் டக் என்று சத்தம் கேட்டது. அம்மா இடது கையால் அடித்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பியதும் சுவரில் ப்ளக் மாட்டுகிற இடத்தைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள். மறுபடி சுவரை, மறுபடி நெஞ்சை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கட்டிலிலிருந்து தவறி விழவில்லை, இறங்கியிருக்கிறாள். லயத்தில் கத்திய குரல் கேட்டிருக்கிறது. வாங்கிக் கத்த வாய் இல்லை. கால் இழுக்க இழுக்கத் தரையில் தவழ்ந்துபோய், நல்ல கையால் பிடுங்கியிருக்கிறாள். சாமானை இடியிலிருந்து காப்பாற்றியிருக்கிறாள்.

திரையைக் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. அடையாளப் பட்டியல் எங்கே என்று விரலைக் கொண்டுவந்து வெள்ளைத் திரையில் வைத்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு இடத்தில் வைத்தாள்.

அதைப் பார்க்க முடியாமல் பொய் சொன்னேன். "இருக்கும்மா, நான் வாசிக்கிறேன்," என்று திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, பால் வெட்டப் போன முதல் நாளை ஆரம்பித்தேன். அன்றைக்கு அவள் எத்தனை மரம் வெட்டினாள்? யார் கூடப் போனாள்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அம்மா தலையை ஆட்டி இல்லை என்றாள். மாற்றிச் சொன்னேன். அதற்கும் இல்லை. அப்பா நடந்து வந்த கதைக்குப் போனேன், மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். ஒவ்வொரு எழுத்தையும் குத்தி எழுதியவன் நான், தினமும் வாசித்தவன் நான். எனக்கு ஒரு பக்கம் முழுசாக வரவில்லை. அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போது அடுப்படியிலிருந்து, திரும்பாமலே, என் மனைவி சொல்ல ஆரம்பித்தாள்:

"எம் மாமியா நான் வடிச்ச சோத்துல ஒரு உருண்டைய எடுத்து செவுத்துல அடிச்சா. ஒட்டிக்கிச்சி. இது சோறா பசையான்னு கேட்டா. நான் வாயே தொறக்கல. மறுநாளு பாத்தா அது அங்கனயே காஞ்சி கெடக்கு. நீதானே அடிச்ச, நீயே தொடைச்சிக்கன்னு விட்டுட்டேன். அவளும் தொடைக்கல, நானும் தொடைக்கல. அவ சாகுற மட்டும் அது செவுத்துலயே இருந்துச்சி."

ஒரு சொல் பிசகவில்லை. அம்மா மூச்சு விடுகிற இடத்தில்கூட அவளும் நிறுத்தினாள். அம்மா மெல்லத் திரும்பி, அவள் இருக்கிற பக்கம் இடது கையை நீட்டினாள்.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "மத்தது எதுவும் எனக்குத் தெரியாதுங்க அத்த," என்றாள். "அதெல்லாம் என்னைய பாத்து வாசிக்கலியே."