மூன்று பிள்ளைகள் என்று ஜெபித்த சாயங்காலம்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆறு. ஞாயிறு சாயங்காலம் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவோம். எந்த வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டுக்காரர்தான் ஜெபம் பண்ண வேண்டும். அதன் பிறகுதான் தேத்தண்ணி. என் ஜெபம் நீளம். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கும் காம்பராக்காரர் கேலி செய்வார்: "அண்ணே, நீங்க ஆமென் சொல்றதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போயிருது."

அந்த மழைக்காலத்தில் எங்கள் கடைசிப் பெண் காய்ச்சலில் போய்விட்டாள். நான்கு வயது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் தூக்கி வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுத்தேன். "நல்ல விசுவாசம்" என்றார்கள். நானும் அதை விசுவாசம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் எங்கள் வீட்டு முறை வந்தது. முழங்காலில் நின்று எப்போதும் போல ஆரம்பித்தேன். மழைக்கு ஸ்தோத்திரம், வேலைக்கு ஸ்தோத்திரம். வாய் தானாகப் போய்க்கொண்டிருந்தது. "எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் நல்ல சுகத்தைத் தந்து காத்து வருகிறீரே, அதற்காகவும் ஸ்தோத்திரம்" என்றேன்.

என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்: "மூணு இல்லங்க. ரெண்டு."

எனக்குத் தெரிந்த ஜெபத்தில் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அவளே மறுபடியும், "உள்ளத சொல்லுங்க. அவருக்குத் தெரியாததா" என்றாள்.

"ஆண்டவரே, புள்ள போயிருச்சு. எனக்கு அழுகை வரல. உம்மேல கோவமும் வரல. ஸ்தோத்திரம்னு சொல்றேன், உள்ள ஒண்ணுமே இல்ல. மரக்கட்டையாட்டம் இருக்கேன். இப்படியே வந்திருக்கேன்."

அவ்வளவுதான் வந்தது. அவள் தொடர்ந்தாள்: "எனக்குக் கோவம் வருது ஆண்டவரே. இவருக்கு வராததையும் சேத்து எனக்கே வருது." ஆமென் யார் சொன்னது என்று எனக்கு நினைவில்லை.

எழுந்து உட்கார்ந்தோம். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் கோப்பையை என் கையில் வைத்து, விரல்களைப் பிடித்து அதன்மேல் மூடிவிட்டார். அன்றைக்குத் தேத்தண்ணி ஆறியிருக்கவில்லை. கை சுட்டது. அது மட்டும் தெரிந்தது.