குழாய் இழுக்கும் இடத்தில்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பிவிசி குழாய் செய்கிறோம். கோலமாவு போன்ற தூளைக் கொட்டினால், சூடான பீப்பாய்க்குள் சுழலும் ஸ்க்ரூ அதை உருக்கித் தள்ளும். அது குழாயாக வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டியில் இறுகும். அப்பால், மேலும் கீழும் ரப்பர்ப் பட்டைகள் ஓடும் ஒரு மெஷின் குழாயைக் கவ்வி இழுத்துக்கொண்டே இருக்கும்.

அந்த மெஷினருகே நின்றவர், நெல்லித்தோப்பிலிருந்து வருவதால் எங்களுக்கெல்லாம் நெல்லித்தோப்பு அக்கா. உடன்பிறந்தவர் இல்லை, வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கிடைத்த அக்கா. அவர் வீட்டுக்காரருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது. இருவரும் கைகளால்தான் பேசிக்கொள்வார்கள். ஷெட்டுக்குள் இரைச்சலில் கத்திப் பயனில்லை என்பதால் அக்கா எனக்கும் கொஞ்சம் கற்றுக்கொடுத்திருந்தார். டீ, வா, போ, தண்ணீர். மீசையை முறுக்கினால் சூப்பர்வைசர் கோபமாக இருக்கிறார் என்று பொருள்.

அன்று காலை அச்சு மாற்றிவிட்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தோம். முதலில் வரும் குழாயின் நுனியைக் கையால் பட்டைகளுக்கிடையே கொடுக்க வேண்டும். பட்டைகளை மறைக்கும் மூடியை, ஒவ்வொரு முறையும் திறந்து மூட நேரமாகிறது என்று எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். அக்காவின் கையுறை மாட்டியது. அவர் வாய் திறந்ததைப் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. ஓடிப்போய் பட்டனை அழுத்தினேன். பட்டைகள் நின்றன, ஆனால் கவ்விய கையை விடவில்லை. சூப்பர்வைசர் வந்து, மேல்பட்டையை அழுத்திப் பிடித்திருந்த காற்றைத் திறந்துவிட்ட பிறகே அது எழும்பியது.

"ஸ்க்ரூவ நிறுத்திடாதீங்க, உள்ள கருகிடும்!" என்று அவர் பின்னால் திரும்பிக் கத்தினார்.

உண்மைதான். உருகிய பிவிசி சூட்டில் தேங்கினால் கருகி உள்ளே பிடித்துக்கொள்ளும், மெஷினையே கழற்ற வேண்டிவரும். அதனால் அது ஓடியது. அக்காவைத் தரையில் உட்காரவைத்து என் துப்பட்டாவால் கையைச் சுற்றும்போது, இழுக்க ஆளில்லாத குழாய் கொழகொழவென்று வழிந்து தரையில் குவிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். அக்காவை உள்ளே கொண்டுபோன பிறகு அவர் வீட்டுக்காரர் வந்தார். கைகளை வேகமாக அசைத்து என்னவோ கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் டீயும் தண்ணீரும்தான். அவர் தன் வலக்கையை என் முகத்துக்கு நேரே விரித்து, சுண்டுவிரலை மடக்கி, போய்விட்டதா என்பதுபோல் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தேன். மோதிர விரலை மடக்கினார். அதற்கும் தலையசைத்தேன். நடுவிரல். ஆள்காட்டி விரல். கட்டைவிரலுக்கு வந்ததும் மடக்காமல் என்னையே பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். அந்தக் கையை அப்படியே நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். லைன் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு மட்டும் அந்த எடத்துல நில்லும்மா," என்றார் சூப்பர்வைசர்.

நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன். மூடியைத் தேடி எடுத்து மாட்டினார்கள். யாரோ அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு அது மறுபடி சுவரோரம் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வீட்டுக்காரர் கட்டிலைச் சுற்றிப்போய் அவர் முன்னால் குனிந்து, சாப்பிடுகிறாயா என்று கையால் கேட்டார். அக்கா கண்களை மூடிக்கொண்டார். வீட்டுக்காரரின் கைகள் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்று, இறங்கின.

"இடது கையால பேசலாமேக்கா?" என்றேன்.

"பேசலாம்டி. இன்னா பேசறதுன்னுதான் தெரியல."

"அவரு பாவம்க்கா."

"தெரியும். நீ கெளம்பு, பஸ்சு கூட்டமாயிடும்."

அடுத்த முறை போனபோது வீடு பூட்டியிருந்தது. பாகூர்ப் பக்கம் அக்காவின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அக்காவின் நம்பருக்கு அவ்வப்போது போன் போடுகிறேன். அவர் எடுப்பதில்லை. பக்கத்தில் வீட்டுக்காரர் இருந்தாலும் அது அடிப்பது அவருக்குக் கேட்காது.