எழுத்துக்கு மேலே ஒரு கமா

ஏணியில் ஏறி இங்கிலீஷ் போர்டு எழுதிப் பிழைக்கிற சக பாவிகளே, நாம் ஒரு எழுத்தை முடிப்பதற்குள் கீழே நிற்கிற அத்தனை பேரும் வாத்தியாராகிவிடுவார்கள்.

சைக்கிள் கடை

சிம்மக்கல்லில் காதர் பாய் வாடகைச் சைக்கிள் கடை போட்டார். 'சைக்கிள் ஷாப்' என்று எழுதினேன். சொந்தம் என்றால் எழுத்துக்கு மேலே ஒரு கமாவும் பக்கத்தில் ஒரு எஸ்ஸும் வேண்டுமென்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். சைக்கிளுக்கு அதைப் போடச் சொல்லி ஒரே பிடிவாதம். "சைக்கிளா பாய் கடைக்கு முதலாளி? என்ன கடைன்னு சொல்லத்தான் அந்தச் சொல்லு" என்றேன். பாய் அசரவில்லை.

"அப்ப முன்னால என் பேரை எழுதி அதுக்குப் போடு மாப்ள. கடை யாருதுன்னு தெரியணும்ல."

வாசகசாலை

ஊருக்கு வெளியே ஒரு நூல் மில். பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர்கள் ஷிப்டு முடிந்தபின் கல்லும் மண்ணும் சுமந்து, மில் இடத்தில் தாங்களே ஒரு வாசகசாலை கட்டினார்கள். மானேஜருக்கோ அதைப் பஞ்சுக் கிடங்காக்க ஆசை. போர்டு வைக்கச் சொல்லி அவர்கள் விடாமல் கேட்டதால், 'ஒர்க்கர்ஸ் ரீடிங் ரூம்' என்று எழுது, கமா மட்டும் கூடாது என்றார்.

நூல் சுற்றுகிற விருமாயி ஏணியடியில் வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். "தொழிலாளிக்கான அறைன்னு இருக்கு. மேல ஒரு கமா போட்டா தொழிலாளியோட அறைன்னு ஆகும். மானேஜர் வேணாங்குறாரு" என்றேன். மறைக்க எனக்கென்ன பயம்?

"எங்களுக்குன்னு யாரும் கட்டிக் குடுக்கலண்ணே. நாங்க கட்டுனது. போடுங்க."

மறுபடியும்

போட்டேன். ரோட்டிலிருந்தே தெரிகிற மாதிரி போட்டேன். மில்லில் கிடைக்கிற போர்டு வேலை போனால் என் வீட்டில் அடுப்பெரிவது கஷ்டம் என்று தெரிந்தேதான் போட்டேன். மானேஜர் ஆளை விட்டு அதைச் சுரண்டிவிட்டு, இனி இந்தப் பக்கம் வராதே என்று என்னை விரட்டினார்.

சில நாளில் அவரே ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், சுரண்டிய இடத்தில் சுண்ணாம்பால் கத்திரிக்காய் பருமனுக்கு ஒரு கமா. அறையைக் கிடங்காக்க வந்த பஞ்சு வண்டிகளை மறித்து, வாசலில் தொழிலாளிகள் கூட்டம் நின்றது. "நீதானே?" என்று உறுமினார். "என் கை இம்புட்டுக் கோணாதுங்க" என்றேன். விருமாயி முன்னால் வந்தாள்.

"அண்ணனை விடுங்க. நாங்க எல்லாரும் சேந்து போட்டது. சுரண்டுனா நாளைக்கும் போடுவோம்."

கடைசிவரை அந்த அறைக்குள் பஞ்சும் போகவில்லை, அந்த மில்லுக்குள் நானும் போகவில்லை. என் அழகான கமா அழிந்து அந்தக் கோணல் கமா நிலைத்துவிட்டதில்தான் எனக்குக் கொஞ்சம் பொறாமை.